ஃப்ரீசிவ்: 6 பேர் ஆடும் நீள ஆட்டத்தில் தொடக்க இடங்களைச் சமமாக்குவது எப்படி?

ஆறாம்படை எழுதியது:

வணக்கம். ஃப்ரீசிவ் (நகரங்கள் கட்டி நாகரிகம் வளர்க்கும் வியூக விளையாட்டு) 3.0, கிளாசிக் ரூல்செட் (விதித் தொகுப்பு). ஆடுபவர்கள் 6 பேர். ஏஐ இல்லை, அணிகளும் இல்லை. டைம்அவுட் 82800 நொடி, அதாவது டர்னுக்கு (ஒரு சுற்றுக்கு) 23 மணி நேரம். 150 டர்ன் ஓட ஏறக்குறைய 5 மாதம் ஆகும். இவ்வளவு நீளமான ஆட்டத்தில் ஒருவர் துண்ட்ராவுக்கும் மலைக்கும் நடுவில் மாட்டிக்கொண்டால் 40ஆவது டர்னிலேயே அவருக்கு ஆர்வம் போய்விடும். அவர் விலகினால் அந்த நிலம் சண்டையே இல்லாமல் பக்கத்தில் இருப்பவருக்குப் போகும். ஒரு மோசமான தொடக்கம் ஒருவரை மட்டும் பாதிப்பதில்லை, மொத்த ஆட்டத்தையும் சாய்த்துவிடுகிறது.

இப்போதைய செட்டிங்: மேப்பை உருவாக்கும் ஜெனரேட்டர் ஃப்ராக்டல், மேப்சைஸ் ‘ப்ளேயர்’, டைல்ஸ்பெர்ப்ளேயர் (ஆளுக்கு எத்தனை நிலக் கட்டம்) 100, லேண்ட்மாஸ் (மேப்பில் நிலத்தின் சதவீதம்) 30. மற்றவை எல்லாம் சர்வர் வைத்திருக்கும் இயல்பு மதிப்பில்தான் இருக்கின்றன.

தெரிந்துகொள்ள வேண்டியவை:

அ) எல்லாரும் ஒரே அச்சில் வார்த்த தீவில் தொடங்காமலே சமநிலை கொண்டுவர முடியுமா?
ஆ) இரண்டு இடங்கள் ‘சமம்’ என்பதை எதை வைத்து அளப்பது?
இ) சர்வரை நடத்துபவரும் ஆடுகிறார். அவர் மேப்பைப் பார்க்காமல் இதையெல்லாம் எப்படிச் செய்வது?

---

கட்டவெளி எழுதியது:

முதலில் சர்வர் எப்படி இடம் ஒதுக்குகிறது என்று பார்த்துவிடுவோம். அது தெரியாமல் செட்டிங்கை மாற்றிப் பயனில்லை.

ஒவ்வொரு கட்டமும் தரக்கூடிய உணவு, ஷீல்டு (உற்பத்தி), ட்ரேட் (வணிகம்) மூன்றையும் சர்வர் கணக்கிடுகிறது. பாசனம், சுரங்கம் போட்டால் எவ்வளவு கூடும் என்பதும் அதில் சேர்த்தி. பிறகு நகர எல்லைக்குள் வரும் கட்டங்களைக் கூட்டி, அந்த இடத்துக்கு ஒரு மதிப்பெண் போடுகிறது. மதிப்பெண் ஒரு வரம்புக்கு மேல் இருந்து, மற்ற தொடக்க இடங்களிலிருந்து போதிய தூரமும் இருந்தால் அந்த இடம் தேறும். எல்லாருக்கும் இடம் கிடைக்கவில்லை என்றால் வரம்பைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்துக்கொண்டே போய் மறுபடி தேடும். ஏற்றத்தாழ்வு வருவது இங்கேதான். நிலம் இறுக்கமாக இருந்தால் வரம்பு நிறையவே இறங்கி, முதலில் அமர்ந்தவருக்கும் கடைசியில் அமர்ந்தவருக்கும் பெரிய வித்தியாசம் வந்துவிடும். இரண்டாவது, மூன்றாவது நகரத்துக்கு இடம் இருக்கிறதா, பக்கத்தில் எத்தனை பேர், வழி அடைபட்டிருக்கிறதா என்பதையெல்லாம் அது பார்ப்பதில்லை.

அதனால் முதல் மாற்றம் நிலத்தின் அளவில்தான். டைல்ஸ்பெர்ப்ளேயர் 100, லேண்ட்மாஸ் 30 என்றால் 6 பேருக்கு 600 நிலக் கட்டம், மொத்த மேப் 2000 கட்டம். கிளாசிக்கில் நகர எல்லை 21 கட்டம். எல்லைகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறாமல் வைத்தால் தலைக்கு 5 நகரம்கூடத் தேறாது. இதை 140 அல்லது 150 ஆக்குங்கள். இடம் தாராளமாக இருந்தால் சர்வர் வரம்பை அவ்வளவு தாழ்த்த வேண்டியிருக்காது.

ஃப்ராக்டல் இயல்பாகவே எல்லாரையும் ஒரே கண்டத்தில் இறக்கும். ‘ஐலண்ட்’ ஜெனரேட்டர் ஏறக்குறைய ஒரே அளவும் வடிவமும் கொண்ட தீவுகளை, நில வகைகளின் விகிதமும் நெருக்கமாக இருக்கும்படி போடும். ‘ஃபேர்’ ஜெனரேட்டர்தான் ஒரே தீவை அச்சாக 6 முறை நகலெடுப்பது. அது உங்களுக்கு வேண்டாம் என்கிறீர்கள், சரியான முடிவுதான். சொந்தத் தீவைச் சுற்றி முடித்ததுமே எதிரியின் தீவில் எந்த மூலையில் மலை, எங்கே தரையிறங்கலாம் என்பதெல்லாம் தெரிந்துவிடும். மேப் மேக்கிங் தொழில்நுட்பம் வந்து ட்ரைரீம் கப்பல் கட்டும்வரை யாரும் யாரையும் சந்திப்பதும் இல்லை.

நடுவழி ஒன்று உண்டு. ஜெனரேட்டரை ‘ஐலண்ட்’ என்று வைத்து, தொடக்க இடங்களைப் பங்கிடும் ஸ்டார்ட்போஸை ‘2ஆர்3’ ஆக்குங்கள். கண்டத்துக்கு இரண்டு அல்லது மூன்று பேர் அமர்வார்கள். தரை வழியில் பகையும் இருக்கும், பேச்சுவார்த்தையும் இருக்கும். செட்டிங்குகள் ஒன்றோடொன்று ஒத்துவரவில்லை என்றால் சர்வர் வேறு ஜெனரேட்டருக்கு மாறிவிடக்கூடும். அதனால் தொடங்கியதும் சர்வர் லாகை ஒருமுறை படித்துவிடுங்கள்.

இன்னும் நான்கு:

மேப் முழுவதையும் மிதவெப்பமாக்கும் ஆல்டெம்பரேட்டை இயக்குங்கள். துருவத்துக்குப் பக்கத்தில் விழுந்தவருக்குத் துண்ட்ரா என்ற பிரச்சினையே இருக்காது.

ஹட்ஸ் (மேப்பில் சிதறிக் கிடக்கும் குடிசைகள்) 0. ஒரு குடிசையில் தங்கம் வரலாம், தொழில்நுட்பம் வரலாம், கூலிப்படை வரலாம், காட்டுமிராண்டிகளும் வரலாம். குடிசைகளின் இடத்தைச் சமமாக்கினாலும் உள்ளே இருந்து வருவதைச் சமமாக்க முடியாது.

ஸ்பெஷல்ஸ் (கோதுமை போன்ற சிறப்பு வளங்கள்) 250இலேயே இருக்கட்டும். குறைத்தால் சமநிலை கூடும் என்று தோன்றும், நடப்பது எதிர்மாறு. 100க்கு இறக்கினால் ஒருவருக்கு 2 கிடைத்து இன்னொருவருக்கு ஒன்றுமே இல்லாத வாய்ப்பு அதிகமாகும். எண்ணிக்கை கூடினால் பங்கீடு சராசரியை நெருங்கும்.

ஸ்டார்ட்யூனிட்ஸ் ‘சிசிடபிள்யூடபிள்யூஎக்ஸ்’ என்றுதான் இருக்கும்: நகரம் அமைக்க 2 செட்லர், நிலத்தைத் திருத்த 2 ஒர்க்கர், சுற்றிப் பார்க்க 1 எக்ஸ்ப்ளோரர். இவர்கள் எவ்வளவு சிதறி இறங்கலாம் என்று சொல்லும் டிஸ்பெர்ஷனை 0இலேயே விடுங்கள். அதைக் கூட்டினால் ஒருவரின் இரண்டாவது செட்லர் ஆற்றங்கரையிலும் மற்றவருடையது சதுப்பிலும் விழும். தொடக்க இடத்தைச் சமமாக்கியும் பலன் இருக்காது.

---

நிலக்கணக்கு எழுதியது:

கேள்வி ஆ-வுக்கு வருகிறேன். பலர் 21 கட்டத்தையும் கூட்டிப் பார்த்துவிட்டு ‘சமம்’ என்று முடித்துவிடுகிறார்கள். முதல் 40 டர்னில் நகரம் 4 அல்லது 5 பேருக்கு மேல் வளர்வதே அபூர்வம். உழைக்க ஆளில்லாத 16 கட்டங்களைக் கூட்டி என்ன பயன்? நடுக்கட்டத்தை விட்டுவிட்டு மிகச் சிறந்த 4 கட்டங்களை மட்டும் எடுங்கள். உணவுக்கு 3, ஷீல்டுக்கு 2, ட்ரேடுக்கு 1 என்று எடை கொடுங்கள். உணவுக்கு அதிக எடை கொடுப்பதற்குக் காரணம் உண்டு. ஒரு குடிமகனுக்கு 2 உணவு போய்விடும், எஞ்சுவதுதான் வளர்ச்சி. எஞ்சும் உணவு 1 என்பது 2 ஆனாலே நகரம் இருமடங்கு வேகத்தில் வளரும்.

ஓர் எடுத்துக்காட்டு. எண்களை உணவு/ஷீல்டு/ட்ரேட் என்ற வரிசையில் படியுங்கள்.

இடம் ஏ: கோதுமை உள்ள சமவெளி 3/1/0, ஃபெசன்ட் (வேட்டைப் பறவை) உள்ள காடு 3/2/0, கடல் 1/0/2, இன்னொரு கடல் 1/0/2. கூட்டினால் 8/3/4. மதிப்பெண் 24 + 6 + 4 = 34.

இடம் பி: ஆறு ஓடும் புல்வெளி 2/0/1, ஷீல்டு உள்ள புல்வெளி 2/1/0, காடு 1/2/0, சமவெளி 1/1/0. கூட்டினால் 6/4/1. மதிப்பெண் 18 + 8 + 1 = 27.

ஏ-வைவிட பி 5இல் 1 பங்கு குறைவு. 10 சதவீதத்துக்குள் இருந்தால் விட்டுவிடலாம், இது அதைத் தாண்டுகிறது. மேப் எடிட்டரில் பி-யின் சமவெளியில் ஒரு கோதுமை வைத்தால் 3/1/0 ஆகி மதிப்பெண் 33க்கு வந்துவிடும்.

இதோடு, தொடக்க இடத்திலிருந்து 8 கட்டத்துக்குள் நல்ல நகர இடங்கள் எத்தனை என்று எண்ணுங்கள். ஆற்றங்கரையோ கடலோ ஒட்டியிருந்து, சிறந்த 4 கட்டங்களின் மதிப்பெண் 22க்கு மேல் போனால் ‘நல்ல இடம்’ என்று வைத்துக்கொள்ளலாம். ஒருவருக்கு 5, இன்னொருவருக்கு 2 என்றால் தலைநகர் மதிப்பெண் சமமாக இருந்தும் ஆட்டம் சமம் ஆகாது.

---

பாசனம் எழுதியது:

நிலக்கணக்கு சொன்ன முறை நல்ல முறை. ஆனா அந்த எடுத்துக்காட்டுல ஒரு பெரிய விஷயம் விட்டுப்போயிருக்கு: டெஸ்பாடிசம் அபராதம்.

எல்லாரும் டெஸ்பாடிசத்துலதான் தொடங்குறாங்க. அந்த ஆட்சியில எந்தக் கட்டம் எதை 2க்கு மேல கொடுத்தாலும் அதுல 1 வெட்டு. கோதுமைச் சமவெளி 3/1/0 இல்ல, 2/1/0தான். ஃபெசன்ட் காடு 2/2/0. கடல் ட்ரேட் 2தான், அது தப்பிச்சிடும். அப்ப ஏ-வோட கூட்டல் 6/3/4, மதிப்பெண் 28. பி-யில எதுவுமே 2ஐத் தாண்டல, அதனால அப்படியே 27. இந்த அபராதம் இல்லாத மோனார்கி ஆட்சி வர்ற வரைக்கும் ரெண்டும் சமம்னே சொல்லலாம். அதுக்கப்புறம்தான் 34க்கு 27ன்னு இடைவெளி திறக்குது.

இப்ப பி-யில கோதுமை வெச்சா என்ன ஆகும்? டெஸ்பாடிசத்துல பி 30, ஏ 28. பின்னாடி பி 33, ஏ 34. பி-க்கு முதல் 40 டர்ன் முன்னிலை. ஆரம்ப முன்னிலைதான் வட்டி போட்டு வளரும்: ஒரு செட்லர் 3 டர்ன் முன்னாடி கிளம்பினா அந்த நகரமும் அடுத்த செட்லரை முன்னாடியே அனுப்பும். அதனால கோதுமைக்குப் பதிலா அதே சமவெளியில எருமை வைங்க, 1/3/0. டெஸ்பாடிசத்துல அது 1/2/0, பி 29. பின்னாடி பி 31. முன் 29க்கு 28, பின் 31க்கு 34. ரெண்டு ஆட்சியிலயும் 10 சதவீதத்துக்குள்ள வந்துடுது, ஆரம்பமும் கிட்டத்தட்ட சரிசமம்.

ஆக ஒவ்வொரு இடத்துக்கும் ரெண்டு மதிப்பெண் போடுங்க, டெஸ்பாடிசத்துக்கு ஒண்ணு, மோனார்கிக்கு ஒண்ணு. முதலாவதை இறுக்கிப் பிடிங்க, ரெண்டாவதுல கொஞ்சம் தளர்வு இருக்கலாம்.

இதே காரணத்தால ‘பாவம், அவருக்கு ஒரு ஒர்க்கர் கூடுதலா கொடுப்போம்’ங்கறதும் யோசிச்சுத்தான் செய்யணும். புல்வெளிக்குப் பாசனம் போட்டா 2, 3 ஆகும். அபராதம் வெட்டி மறுபடி 2. டெஸ்பாடிசத்துல அந்த உழைப்பு வீண். சமவெளிக்குப் போட்டா 1, 2 ஆகும், அது முழுசா கைக்கு வரும். சுத்தியும் புல்வெளியா இருக்கிறவருக்குக் கூடுதல் ஒர்க்கர் கொடுத்தா ஆரம்பத்துல சாலை போடத்தான் ஆகும்.

---

வளையம் எழுதியது:

கட்டத்தின் விளைச்சலைப் பற்றி நன்றாகப் பேசியாகிவிட்டது. நான் அண்டை வீட்டாரைப் பற்றிப் பேசுகிறேன். என் கருத்தில் மனிதர்கள் மட்டும் ஆடும் ஆட்டத்தில் விளைச்சலைவிட இதுதான் அதிகம் தீர்மானிக்கிறது.

6 பேரை ஒரே கண்டத்தில் போட்டால், அண்டை விஷயத்தில் சர்வர் தூரத்தை மட்டும் பார்க்கும். ஓரத்தில் இருப்பவருக்கு ஒரே ஓர் அண்டை, நடுவில் இருப்பவருக்கு 4 அண்டை. நடுவில் இருப்பவரின் நிலம் எவ்வளவு செழிப்பாக இருந்தாலும், எல்லா எல்லையிலும் படை நிறுத்தியே உற்பத்தி கரைந்துவிடும். அதனால் ‘ஒவ்வொருவருக்கும் தரை வழி அண்டை எத்தனை’ என்ற எண்ணிக்கையை முதலில் சமமாக்குங்கள், விளைச்சல் அப்புறம். 2ஆர்3 போடும்போது கண்டத்துக்கு 2 பேர் வீதம் 3 கண்டம் வந்தால் எல்லாருக்கும் ஒரே அண்டை. 3 பேர் வீதம் 2 கண்டம் வந்தால், அந்த மூவரும் முக்கோணமாக இருக்கிறார்களா, ஒரே கோட்டில் இருக்கிறார்களா என்று பார்க்க வேண்டும். கோடாக இருந்தால் நடுவில் இருப்பவருக்கு இரண்டு பக்கமும் இடி.

தூரத்தைக் கட்டத்தால் அளக்காதீர்கள், நடைச் செலவால் அளங்கள். புல்வெளிக்கும் சமவெளிக்கும் 1, காடு, குன்று, சதுப்பு, அடர்காட்டுக்கு 2, மலைக்கு 3. 12 கட்டம் திறந்த வெளி என்றால், டர்னுக்கு 2 கட்டம் நகரும் ஹார்ஸ்மென் (குதிரைப்படை) 6 டர்னில் வாசலில் நிற்பார்கள். அதே 12 கட்டம் குன்றும் காடுமாக இருந்தால் செலவு இரட்டிப்பு. இரண்டு ஜோடிகளுக்கு இடையே நடைச் செலவு 14 என்றும் 26 என்றும் இருந்தால், மேப்பில் சமதூரமாகத் தெரிந்தாலும் முதல் ஜோடி போர் ஆட்டம் ஆடும், இரண்டாவது ஜோடி கட்டட ஆட்டம் ஆடும்.

ஆடாத ஒருவர் மேப்பைத் தயாரிக்க முன்வந்தால் மிகச் சிறந்தது கைவேலைதான். ஜிடிகே கிளையண்டில் (ஆடுபவர் பயன்படுத்தும் செயலியின் ஒரு வகை) கன்ட்ரோல்-ஈ அழுத்தினால் எடிட் மோடு. ஜெனரேட்டர் போட்ட மேப்பையே அடிப்படையாக வைத்துக்கொண்டு, 6 தொடக்க இடங்களை வளையமாக அமையுங்கள். நடுவில் மலைத் தொகுதியோ உள்நாட்டுக் கடலோ இருக்கட்டும். அப்போது ஒவ்வொருவருக்கும் இடமும் வலமுமாகச் சரியாக 2 அண்டை. தொடக்க இடத்துக்கான கருவியால் இடத்தைக் குறிக்கும்போது எந்த நாட்டுக்கும் கட்டாதீர்கள், எல்லா நாட்டுக்கும் பொது என்றே விடுங்கள். அப்போதுதான் யாருக்கு எது என்பதைச் சர்வர் குலுக்கிப் போடும். முடிந்ததும் ‘சென்சேவ்’ கட்டளையால் சினாரியோவாக (தயார் மேப்பாக) சேமியுங்கள்.

நிலத்தோற்றம் ஆளுக்கு ஆள் மாறலாம், மாறவும் வேண்டும். ஒருவருக்கு நீண்ட கடற்கரை, ஒருவருக்குக் குன்று நிறைந்த உள்நாடு. அண்டை எண்ணிக்கை, நடைச் செலவு, இரண்டு ஆட்சிக்குமான மதிப்பெண், நல்ல நகர இடங்கள் ஆகிய நான்கும் நெருங்கினால் போதும். அதற்கு மேல் செதுக்கினால் தேடிக் கண்டுபிடிக்க ஒன்றும் மிஞ்சாது, எக்ஸ்ப்ளோரரை அனுப்புவதற்கே அர்த்தம் இருக்காது.

---

ஆறாம்படை எழுதியது:

எல்லாருக்கும் நன்றி. டெஸ்பாடிசம் வெட்டு கணக்கையே மாற்றிவிடுகிறது. வெளியாள் ஒருவரும் கிடைக்கவில்லை, அதனால் எடிட்டர் வழி முடியாது. ஐலண்ட், 2ஆர்3, ஆல்டெம்பரேட், டைல்ஸ்பெர்ப்ளேயர் 150, ஹட்ஸ் 0 என்று போகிறோம். மிச்சம் இருப்பது கேள்வி இ. நடத்துபவர் மேப்பைப் பார்க்கவும் கூடாது, தனக்கு ஏற்ற மேப் வரும்வரை குலுக்கவும் கூடாது.

---

நிலக்கணக்கு எழுதியது:

மேப்சீட் (மேப் உருவாவதற்கான மூல எண்) இதற்குக் கை கொடுக்கும். அதே பதிப்பு, அதே செட்டிங், அதே மேப்சீட் என்றால் அதே மேப். 0 என்று விட்டால் சர்வர் தானாக ஓர் எண் எடுத்துக்கொள்ளும், அப்படி விடாதீர்கள்.

6 பேரும் ஆளுக்கு ஓர் 8 இலக்க எண்ணை நினைத்துக்கொண்டு, அதன் ஹாஷை (எண்ணிலிருந்து கணக்கிடும் கைரேகை போன்ற குறியீட்டை) மட்டும் முதலில் குழுவில் போடட்டும். 6 ஹாஷும் வந்த பிறகு எண்களை வெளியிடுங்கள். கடைசியில் சொல்பவர் மற்றவர்கள் எண்ணைப் பார்த்துத் தன் எண்ணை மாற்ற முடியாது, மாற்றினால் ஹாஷ் பொருந்தாது. 6 எண்களின் கூட்டல்தான் முதல் மேப்சீட். அந்த மேப் தேறாவிட்டால் அதோடு 1 கூட்டிய எண், அதுவும் தேறாவிட்டால் 2 கூட்டிய எண். வரிசை முன்கூட்டியே நிலைத்துவிட்டதால் குலுக்கித் தேர்ந்தெடுக்க இடமில்லை.

தேறுமா என்பதை மனிதர் பார்க்க வேண்டாம், ஸ்கிரிப்ட் பார்க்கட்டும். சேவ் கோப்பு வெறும் உரைக் கோப்புதான். கோப்பைச் சுருக்கும் முறையான கம்ப்ரஸ்டைப்பை ‘ப்ளெயின்’ என்று வைத்தால் அப்படியே படிக்கலாம். மேப் பகுதியில் ஒரு வரி என்பது ஒரு கிடை வரிசை, ஒரு கட்டத்துக்கு ஓர் எழுத்து. ஆறு, ஸ்பெஷல் போன்ற ‘எக்ஸ்ட்ரா’க்கள் எல்லாம் தனி அடுக்குகளில் பதினாறடிமான இலக்கங்களாக இருக்கும், ஓர் இலக்கத்தில் 4 எக்ஸ்ட்ரா. எந்த பிட் எந்த எக்ஸ்ட்ரா என்பதற்கான வரிசைப் பட்டியல் அதே கோப்பின் தொடக்கப் பகுதியில் இருக்கிறது. பலர் அந்தப் பட்டியலைப் படிக்காமல் வரிசையை ஊகித்து எழுதிவிடுகிறார்கள், அப்போது கோதுமை இருக்கும் இடத்தில் வேறு எதையோ எண்ணிக்கொண்டிருப்பார்கள்.

ஸ்கிரிப்ட் வெளியிட வேண்டியது ஒரே சொல்: தேறியது அல்லது தேறவில்லை. மதிப்பெண்களைக்கூட அச்சிடக் கூடாது. யாருடைய இடம் பலவீனம் என்று தெரிந்தாலே அது உளவுத் தகவல். ஆட்டம் முடிந்த பிறகு யார் வேண்டுமானாலும் அதே மேப்சீட்டைப் போட்டுச் சரிபார்த்துக்கொள்ளலாம்.

---

கட்டவெளி எழுதியது:

எத்தனை மேப்பைத் தள்ளினாலும் முழுச் சமம் வராது. மிஞ்சும் வித்தியாசத்துக்கு விலை போட்டுவிடலாம். கோ ஆட்டத்தில் கறுப்புக்கு முதல் நகர்வு லாபம் என்பதால் வெள்ளைக்குக் கோமி என்று புள்ளிகள் கொடுக்கிறார்கள். ஜப்பானில் அது 5.5 ஆக இருந்தது, 2002இல் 6.5 ஆக்கினார்கள். விலையை ஆட்ட முடிவுகளைப் பார்த்துத் திருத்திக்கொள்ளலாம் என்பதுதான் அந்த முறையின் பலம்.

இங்கே எளிய வடிவம் தங்கம். எடிட் மோடில் ஆட்டக்காரரின் பண்புகளில் தங்கத்தை மாற்றலாம். ஆனால் எவ்வளவு என்பதில் கவனம் தேவை. மீதி ஷீல்டு ம என்றால் வாங்கும் விலை 2ம + (ம × ம)/20. கையிருப்பு ஷீல்டு பூஜ்யம் என்றால் அது இரட்டிப்பு. செட்லருக்கு 30 ஷீல்டு. 10 சேர்ந்த பிறகு மீதி 20ஐ வாங்கினால் 40 + 20 = 60 தங்கம். ஒன்றுமே சேராமல் வாங்கினால் (60 + 45) × 2 = 210. டர்னுக்கு 2 அல்லது 3 ஷீல்டு எடுக்கும் நகரத்தில் அந்த 60 தங்கம் 7 முதல் 10 டர்னை மிச்சப்படுத்தும். அதனால் ஈடு 20, 30 தங்கத்தில் இருக்கட்டும். 100 கொடுத்தால் பலவீனமான இடம்தான் எல்லாருக்கும் வேண்டிய இடமாகிவிடும்.

இன்னொன்று. உணவுக் குறையைத் தங்கம் ஈடுகட்டாது. செட்லர் கிளம்பும்போது நகரத்திலிருந்து 1 ஆளை எடுத்துக்கொண்டு போகும். நகரம் 2க்கு வளராமல் ஷீல்டை மட்டும் வாங்கிப் பயனில்லை. ஷீல்டு குறைந்த இடத்துக்குத் தங்கம் கொடுங்கள். உணவு குறைந்த இடம் உள்ள மேப்பை ஸ்கிரிப்ட் ஓடும்போதே தள்ளிவிடுங்கள்.

மேப் எல்லாருக்கும் தெரிந்தே ஆடுவது என்று முடிவெடுத்தால் இன்னும் எளிது. ஒருவர் 6 இடங்களுக்கும் தங்க விலை எழுதட்டும். மற்ற 5 பேர் சீட்டுக் குலுக்கிய வரிசையில் தேர்ந்தெடுக்கட்டும். விலை எழுதியவருக்கு மிஞ்சியது. பங்கு பிரித்தவர் கடைசியில் எடுப்பதால் அவர் நேர்மையாகத்தான் விலை போடுவார்.

---

இருமுனை எழுதியது:

இடம் சமமானாலும் முறை சமமாக வேண்டும், அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பேட்டில் ஃபார் வெஸ்னாத் என்ற இன்னொரு வியூக விளையாட்டில் இருவர் ஆடும் மேப்புகளை 180 பாகை சுழற்சிச் சமச்சீரில் வரைகிறார்கள். அப்படியிருந்தும் முதலில் நகர்பவர்தான் நடுக் கிராமங்களை முதலில் தொடுவார். பகல், இரவு வேறு குறுக்கே வருகிறது: லாஃபுல் வகைப் படைக்குப் பகலில் தாக்கும் வலிமை 25 சதவீதம் கூடும், கேயாடிக் வகைப் படைக்கு இரவில் கூடும். முதல் மோதல் எந்த நேரத்தில் விழுகிறது என்பதே ஒரு தரப்புக்குச் சாதகம். அதனால் தொடக்க நேரத்தைக் குலுக்கிப் போடும் வசதி அதில் இருக்கிறது.

ஃப்ரீசிவில் எல்லாரும் ஒரே நேரத்தில் நகர்கிறீர்கள். 23 மணி நேர டர்னில் ஒருவர் டர்ன் முடியும் கடைசி நிமிடத்தில் ஒரு படையை நகர்த்தி, அடுத்த டர்ன் பிறந்ததும் உடனே மறுபடி நகர்த்தினால் எதிராளிக்கு அது இரட்டை நகர்வு. யூனிட்வெய்ட்டைம் இதற்காகத்தான். 36000 நொடி என்று வையுங்கள். ஒரு படை டர்ன் மாற்றத்தைத் தாண்டி மறுபடி நகர 10 மணி நேரம் காத்திருக்க வேண்டும். இது இல்லாவிட்டால், டர்ன் மாறும் நேரத்தில் யார் விழித்திருக்கிறாரோ அவருக்குத்தான் நல்ல தொடக்க இடம்.

---

ஆறாம்படை எழுதியது:

யூனிட்வெய்ட்டைம் சேர்த்துவிட்டேன். கடைசியாக ஒன்று: ஸ்கிரிப்ட் தேறியது என்று சொல்லியும் தொடங்கிய பிறகு ஒருவர் ‘என் இடம் மோசம்’ என்றால் என்ன செய்வது?

---

வளையம் எழுதியது:

மறுதொடக்க விதியை ஆட்டத்துக்கு முன்பே எழுத்தில் வையுங்கள். ‘மோசம்’ என்ற சொல்லே அதில் வரக் கூடாது, எண்ணிப் பார்க்கக்கூடிய நிபந்தனை மட்டும். இப்படி எழுதலாம்: 12ஆவது டர்னுக்குள், ஒருவரின் தலைநகரைச் சுற்றிய 8 கட்டத்துக்குள் நல்ல நகர இடம் 3க்குக் குறைவு, அல்லது இன்னொருவரின் தலைநகருக்கு நடைச் செலவு 12க்குக் குறைவு என்றால் அவர் மறுதொடக்கம் கேட்கலாம். கேட்பவர் காரணத்தை எல்லாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. தன் மேப்பின் படத்தை, அவருடைய கண்டத்தில் இல்லாத ஒருவருக்கு மட்டும் அனுப்பட்டும். அவர் எண்ணிப் பார்த்து உண்டு, இல்லை என்று சொல்லட்டும். உண்டு என்றால் வரிசையில் அடுத்த மேப்சீட். 13ஆவது டர்னிலிருந்து யாரும் கேட்க முடியாது. 12 டர்ன் என்பது உங்கள் வேகத்தில் 12 நாள்கூட இல்லை. அதற்குள் எக்ஸ்ப்ளோரர் சுற்றுவட்டாரத்தைப் பார்த்து முடித்திருக்கும், யாரும் இழக்க வருந்தும் அளவுக்கு எதையும் கட்டியிருக்கவும் மாட்டார்கள்.